இருபின்னியம்: மூலமும் உரையும்

தமிழில் எதற்கெல்லாமோ இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு, சொல்லுக்கு, யாப்புக்கு, குதிரையின் சுழி பார்ப்பதற்கு, வாசற்படி எந்தத் திசையில் அமைய வேண்டும் என்பதற்கு. ஆனால் நாலு தாளை மடித்து, நடுவில் பின் அடித்து, வீட்டிலேயே ஒரு புத்தகம் செய்துகொள்கிற வேலைக்கு இன்றுவரை ஒரு நூற்பாகூட இல்லை. அந்த வேலை நடக்காத வீடோ அபூர்வம். மாமியார் சொல்ல மருமகள் எழுதிய ஊறுகாய்க் குறிப்பு, குலதெய்வத்தின் பேரில் பெரியப்பா பாடிய பதிகம், குடியிருப்போர் சங்கத்து விதிமுறை, எட்டாம் வகுப்புப் பையன்களின் கையெழுத்துப் பத்திரிகை, எந்தப் பதிப்பகமும் இன்னும் கண்டுகொள்ளாத முதல் கவிதைத் தொகுதி என்று எல்லாம் ஸ்டேப்ளரின் தயவில்தான் உலகைக் காண்கின்றன.

இந்தக் குறையைப் போக்க இயற்றப்பட்டதே இருபின்னியம். நூற்பாக்கள் நான்கு. மூலம் செய்தவரே உரையும் செய்திருப்பதால், ஆசிரியர் கருத்து இதுதானா என்று பின்னால் வருகிறவர்கள் சண்டை போட வழியில்லை. ஊசி, ட்வைன் நூல், மைதா பசை, அந்தப் பசையைப் பூச்சி அரிக்காமலிருக்கக் கலக்கும் மயில்துத்தம் ஆகியவற்றைக் கொண்டு வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பைண்டு செய்யும் மரபு மிகப் பெரியது. அது தனி நூலாக எழுதத் தக்கது என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நூற்பா 1

மடித்த தாளின் முதுகில் இருபின்
அடித்துப் பெறுவது ஏடெனப் படுமே.

இது என் நுதலிற்றோ எனின், புத்தகமாவது இன்னது என உணர்த்துதல் நுதலிற்று. ‘மடித்த தாள்’ என்றதனால் மடிக்காத தாள் விலக்கப்பட்டது. ‘முதுகில்’ என்றதனால் மூலையும் ஓரமும் விலக்கப்பட்டன. ‘இருபின்’ என்றதனால் ஒன்றும் மூன்றும் விலக்கப்பட்டன. ஒற்றைப் பின் அடித்த புத்தகம் அந்தப் பின்னையே அச்சாகக் கொண்டு சுழலும்; திறக்கும்போது தாள்கள் ஆளுக்கொரு திசையில் விசிறும். மூன்றாவது பின் அடிப்பவர் முதல் இரண்டையும் நம்பாதவர். நம்பாதவருக்கு நூற்பா சொல்லிப் பயனில்லை.

அஃதென்ன, நூலை நூலாக்குவது உள்ளே எழுதியிருக்கும் பொருள் அல்லவா, இரண்டு துண்டுக் கம்பியா என்று கேட்பார்கள். சோதித்துப் பார்க்கலாம். ஒரே கவிதைகளைத் தனித்தாளாக ஒருவர் கையிலும், நடுவில் பின் அடித்து இன்னொருவர் கையிலும் கொடுங்கள். தனித்தாள் வாங்கியவர், “என்ன பேப்பர் இது?” என்று கேட்டு, மின்விசிறிக் காற்றுக்குப் பயந்து மேலே ஒரு டம்ளரை வைப்பார். பின் அடித்ததை வாங்கியவர் முன்னட்டையைப் பார்ப்பார், சட்டென்று பின்னட்டையைத் திருப்பி விலை என்னவென்று பார்ப்பார். கவிதை இரண்டு இடத்திலும் அதே தரத்தில்தான் இருந்தது. ஆகவே தாளுக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு பின் என்பது இந்த நூலின் துணிபு.

அற்றேல், ஓலைச்சுவடியில் பின் இல்லையே, அது நூலன்றோ எனின், அற்றன்று. ஏட்டில் இரண்டு துளை இடுவார்கள். ஒன்றில் நாராசம் என்னும் செப்புக் கம்பியையோ மூங்கில் குச்சியையோ செருகுவார்கள். ஏடுகள் நகராமல் அது பிடித்துக்கொள்ளும். மற்றொன்றில் கயிறு கோத்துச் சுவடியைச் சுற்றிக் கட்டுவார்கள். கயிறு துளைவழியே உருவிக்கொண்டு போய்விடாதபடி அதன் நுனியில் ஓலையைக் கத்தரித்துக் கிளிமூக்கு முடிவார்கள். துளை இரண்டு, துளைக்குள் கம்பி, நழுவாமலிருக்க நுனியில் ஒரு தடை. ஸ்டேப்ளர் பின் இதில் புதிதாகச் சேர்த்தது அவசரம் ஒன்றைத்தான்.

இதற்கு உலகச் சான்றும் உண்டு. 1964இல் யுனெஸ்கோ நூல் உற்பத்திக் கணக்கெடுப்புக்காக ஒரு வரையறை செய்தது. அட்டை நீங்கலாக 49 பக்கமாவது இருந்தால் புத்தகம். 5 முதல் 48 வரை இருந்தால் சிறுநூல். ஏன் ஐம்பது என்று முழுசாக வைக்காமல் 48க்கும் 49க்கும் நடுவே கோடு போட்டார்கள் என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இருபின்னியத்தார் சொல்வது ஒன்றே. 48 பக்கம் என்பது பன்னிரண்டு ஏ4 தாள். அட்டையோடு பதின்மூன்று. வீட்டிலிருக்கும் பத்தாம் நம்பர் ஸ்டேப்ளர் முணுமுணுக்காமல் குத்தக்கூடிய அளவு கிட்டத்தட்ட அதுதான். வரையறை செய்தவர்களின் மேசையிலும் ஒரு சின்ன ஸ்டேப்ளர் இருந்திருக்க வேண்டும்.

இனி விலக்கப்பட்டவற்றின் இயல்பு. இடது மேல் மூலையில் ஒரே பின் அடித்தால் அது நூலாகாது, மனுவாகும். எவ்வளவு உயர்ந்த செய்யுளை மூலைப்பின்னில் கொடுத்தாலும் வாங்குகிறவர் ‘கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறதா’ என்றுதான் பார்ப்பார். ஓரத்தில் இரண்டு பின் அடித்தால் வினா வங்கியாகும். ஓரப்பின்னுக்குச் சில சௌகரியங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பக்கக் கணக்கு வேண்டாம், மடிக்க வேண்டாம், எந்த ஸ்டேப்ளராலும் அடிக்கலாம். ஆனால் உள்ஓரத்து எழுத்துகளை அது விழுங்கிவிடும். விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே படிக்க வேண்டும். சமையல் குறிப்பை ஓரப்பின்னில் கட்டியவருக்கு, ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்து மறு கையால் கடுகு தாளிப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். பரீட்சையில் அடிஷனல் ஷீட்டை நூலால் கட்டுவது வேறு மரபு. மணி அடித்த பிறகு நடக்கும் எந்தக் கட்டுமானத்தையும் இலக்கணத்தில் சேர்ப்பதற்கில்லை.

கள ஆய்வுக்காக ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது கிடைத்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

“தம்பி, இதை நடுவுல மடிச்சுப் பின் அடிச்சுத் தர முடியுமா?”

“சென்டர் பின்னா? நம்ம மெஷின் எட்டாது சார். சைடு பின் போட்டுரவா?”

“சைடு பின் வேணாம்ப்பா.”

“அப்ப ஸ்பைரல் போட்டுருங்க சார். நீட்டா இருக்கும்.”

“எட்டுத் தாளுக்கு ஸ்பைரலா?”

“ரெண்டு தாளுக்கே போடுறாங்க சார்.”

அச்சுத் தொழிலில் நடுப்பின்னுக்குச் சென்டர் பின் என்றும் ஓரப்பின்னுக்குச் சைடு பின் என்றும் வழங்குவதை இதனால் அறிக. மேலும், நடுப்பின் வேண்டும் என்று கேட்டவரை வேறு வழிக்குத் திருப்பிவிடுவதே கடைகளின் வழக்கம் என்பதும் பெறப்பட்டது. அதனால்தான் இது வீட்டிலேயே செய்யப்படும் கலையாக நிலைத்திருக்கிறது.

நூற்பா 2

நான்கால் வகுபடாப் பக்கம் வரினே
ஆங்கே வெறும்பக்கம் சேர்த்தல் மரபே.

ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். ஆகவே நடுப்பின் நூலின் பக்கங்கள் 4, 8, 12, 16 என்றுதான் நடக்கும். பதினான்கு பக்கத்துக்கு விஷயம் வைத்திருப்பவர் இரண்டு பக்கம் வெறுமையாக விட வேண்டும், அல்லது இன்னும் இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டும். ‘வெறும்பக்கம்’ என்று நூற்பாவில் வெளிப்படையாகச் சொன்னது, எழுதிச் சேர்ப்பதைத் தடுப்பதற்காகவே. தமிழ்க் கவிதை நூல்களில் கடைசிக் கவிதை ஏன் எப்போதும் கொஞ்சம் சுமாராக இருக்கிறது என்ற நெடுநாள் ஐயத்துக்கு இதில் விடை உண்டு. வெறும்பக்கத்தின் தலையில் ‘குறிப்புகளுக்காக’ என்று போட்டுவிட்டால் அது திட்டமிட்டதாகிவிடும். அதில் யாரும் எந்தக் குறிப்பும் எழுதியதில்லை. பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

பக்கங்களை அடுக்கும் கணக்கு இதைவிடச் சுவையானது. பதினாறு பக்க நூலுக்கு நாலு தாள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம் பக்கம் பக்கமாக வரும். அதன் மறுமுகத்தில் 2உம் 15உம். அடுத்த தாளில் 14, 3. பிறகு 4, 13. உள்ளே போகப் போக நடுத்தாளில் 8, 9. எந்தத் தாளின் எந்த முகத்தை எடுத்துக் கூட்டினாலும் பதினேழு. பொதுவாகச் சொன்னால், மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணே எல்லா இணைகளின் கூட்டுத்தொகை. இது தெரியாமல் 1, 2, 3 என்று வரிசையாக எழுதி மடித்துப் பார்த்தவர்களின் கையெழுத்துப் பத்திரிகைகளில் கதாநாயகன் மூன்றாம் பக்கத்தில் செத்து ஐந்தாம் பக்கத்தில் பிறந்திருக்கிறான். விமர்சகர்கள் இதைப் பின்நவீனத்துவம் என்றார்கள். மடிப்பின் பிழை அது.

கணினியில் ‘புக்லெட்’ என்று சொல்லி அச்சிட்டால் இந்தக் கணக்கை இயந்திரமே போட்டுக்கொள்ளும். ஒன்றை மட்டும் அதனிடம் சொல்ல வேண்டும்: தாளைக் குட்டை ஓரத்தில் திருப்பு. நீள ஓரத்தில் திருப்பச் சொன்னால் இரண்டாம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் தலைகீழாக வரும். அப்படிப்பட்ட நூலைப் படிப்பவர் பக்கத்துக்குப் பக்கம் புத்தகத்தைச் சுழற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் பிடிக்கிறார் என்றே தோன்றும்.

தாளைப் பற்றிக் கொஞ்சம். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் அதே வடிவத்தில் ஏ5 வரும். அதை மடித்தால் அதே வடிவத்தில் ஏ6. நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருந்தால் இப்படி நடக்கும் என்று ஜெர்மானிய அறிஞர் லிக்டன்பர்க் 1786இலேயே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1922இல் அது ஜெர்மானியத் தரமாயிற்று. பிறகு உலகின் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டது. நம் ஊர்ப் பழைய ஃபுல்ஸ்கேப் தாளுக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. மடித்தால் குட்டையும் குண்டுமாக வேறொரு வடிவம் எடுக்கும். அந்தக் காலத்துக் கையெழுத்துப் பத்திரிகைகளெல்லாம் சற்றே சதுரமாக, ஜாதக நோட்டு மாதிரியான களையோடு இருந்ததற்கு இதுதான் காரணம்.

கருவிக்கு வருவோம். பதினைந்தாம் லூயி மன்னனின் அரசவைக்காக, ஒவ்வொரு பின்னிலும் அரச முத்திரை பொறித்து ஸ்டேப்ளர் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கேட்டால் கதையையே திரும்பச் சொல்கிறார்கள். ஆதாரமுள்ளவர் அமெரிக்கரான ஜார்ஜ் மக்கில். தாள்களைப் பிணைக்க வளையும் பித்தளைப் பிடிப்பு ஒன்றுக்கு 1866இல் காப்புரிமை பெற்றவர், 1879இல் ஒரே அழுத்தில் பின்னைச் செலுத்தும் கருவியைக் கொண்டுவந்தார். கருவியின் எடை ஒரு கிலோவுக்கு மேல். ஒரு முறைக்கு ஒரே ஒரு பின்தான் போடலாம். அடித்துவிட்டு அடுத்த பின்னைப் பொருத்த வேண்டும். இதனால் அக்காலத்தார் எதைப் பிணைப்பது, எதை விடுவது என்று யோசித்துச் செய்திருப்பார்கள். இன்று ஒரு சின்ன டப்பாவுக்குள் ஐம்பது ஐம்பதாக இருபது வரிசை, ஆக ஆயிரம் பின். யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பஸ் டிக்கெட்டையும் மருந்துக்கடை பில்லையும் சேர்த்துப் பின் அடித்து வைக்கிறோம்.

டப்பாவின் மேலுள்ள 24/6 என்ற எண்ணைப் பின்னம் என்று நினைத்துச் சுருக்கினால் நாலு வரும். அது தவறான வழி. முதல் எண் கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ், இரண்டாவது காலின் நீளம் மில்லிமீட்டரில். கேஜ் ஏற ஏறக் கம்பி மெலியும். ஆகவே 26/6 என்பது 24/6ஐவிட ஒல்லி. பத்தாம் நம்பர் இந்தக் கணக்கில் அடங்காத தனி ஜாதி. அதன் கால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். பன்னிரண்டு தாளும் அட்டையும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மீதி மூன்றரை மில்லிமீட்டர் மடங்குவதற்கு இருக்கிறது. இது போதும். இருபத்தைந்து தாளைச் செருகிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அடிப்பவர்களுக்குப் பின் மடங்காது, எழுந்து நின்று அவர்களையே பார்க்கும்.

ஸ்டேப்ளரின் அடித்தட்டைக் கவனித்தவர்கள் குறைவு. அந்தச் சின்னத் தகட்டில் இரண்டு விதமான குழிகள் இருக்கும். ஒன்றில் பின்னின் கால்கள் உள்நோக்கி மடங்கும். தகட்டைத் திருப்பி வைத்தால் வெளிநோக்கி விரியும். விரிந்த பின்னை நகத்தாலேயே உருவிவிடலாம், தற்காலிகமாகப் பிணைப்பதற்காக ஏற்பட்டது. இந்தத் தகட்டைத் தெரிந்தே திருப்பிய மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பல அலுவலகங்களில் அது தானாகத் திரும்பிக்கொண்டு, ‘என்னவோ மெஷின் கெட்டுப்போச்சு’ என்று குப்பைக்குப் போயிருக்கிறது. எல்லா ஸ்டேப்ளரிலும் தகடு திரும்பாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கியவர்கள் அதைப் பிடித்து நெம்பிவிட்டு என்னிடம் வரக்கூடாது.

நூற்பா 3

புறத்தே புகுந்தே அகத்தே மடங்கும்
திறத்தால் பின்னும் செவ்வி பெறுமே.

அட்டையின் வெளிப்புறத்திலிருந்து பின் நுழைந்து, நடுப்பக்கத்தில் மடங்க வேண்டும் என்பது பொருள். முதுகில் தடவினால் வழவழவென்றிருக்கும் கம்பி மட்டுமே கையில் படவேண்டும். உள்ளிருந்து வெளியே அடித்தால் கால்நுனிகள் வெளியே நின்று விரலைக் கிழிக்கும், பட்டுச் சேலையை இழுக்கும், அலமாரியில் பக்கத்துப் புத்தகத்தின் அட்டையைப் பிராண்டும். பின் விழ வேண்டிய இடம், ஏ5 நூலானால் மேலிருந்து 5 சென்டிமீட்டர், கீழிருந்து 5 சென்டிமீட்டர். மொத்த உயரத்தில் கால் பங்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த அளவுக்கும் பொருந்தும்.

சொல்வது எளிது. ஜெராக்ஸ் கடைத் தம்பி சொன்ன ‘எட்டாது’ என்ற சொல்லில் இக்கலையின் முழுத் துயரமும் அடங்கியிருக்கிறது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். மடிப்பு அதன் நடுவில், ஓரத்திலிருந்து 148 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. கைக்கடக்க ஸ்டேப்ளரின் வாயோ நாலு விரற்கடைக்கு மேல் நீளாது. இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதில் ஆசிரியர்கள் பல திறத்தினர்.

முதலாவது குறுக்குப்பின்னார். பக்கவாட்டிலிருந்து எட்டாவிட்டால் என்ன, மேலிருந்தும் கீழிருந்தும் மடிப்பு வழியாகவே ஸ்டேப்ளரை நுழைக்கலாமே என்பது இவர்கள் மதம். ஆனால் பின் எப்போதும் ஸ்டேப்ளரின் உடம்புக்குக் குறுக்காகவே விழும் என்பது மாற்ற முடியாத விதி. ஸ்டேப்ளர் மடிப்போடு நீளவாக்கில் படுத்தால், பின் மடிப்பைக் குறுக்கே தாண்டிப் படுக்கும். அப்படிப்பட்ட நூலை மடித்தால் பின்னும் சேர்ந்து மடிய வேண்டும், அது மடியாது. நூல் பாதி திறந்த நிலையிலேயே ஆயுளைக் கழிக்கும். இவர்களோடு வாதிட ஏதுமில்லை.

இரண்டாவது சுருட்டலார். நூலின் ஒரு பாதியைப் பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி ஸ்டேப்ளரின் வாய்க்குள் திணித்து, மடிப்பைப் பல்லுக்கு நேரே கொண்டுவந்து அடிப்பார்கள். பின் சரியான திசையில் விழும். ஆனால் சுருட்டிய பாதி மறுபடி நிமிர ஓர் இரவு தலையணைக்கடியில் கிடக்க வேண்டும். அப்போதும் முன்பாதி நேராகவும் பின்பாதி வளைந்தும் இருக்கும். முதல் எட்டுப் பக்கம் ஒருவரும் அடுத்த எட்டுப் பக்கம் வேறொருவரும் எழுதியதோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறக்கூடும்.

மூன்றாவது திறந்த வாயார். இவர்களே பெரும்பான்மை, இருபின்னியத்தார்க்கும் இதுவே உடன்பாடு. ஸ்டேப்ளரின் அடிப்பாகத்தைக் கீழே விலக்கி வாயை அகலத் திறந்துவிட வேண்டும். தாள்களை அட்டை மேலே தெரியும்படி விரித்து, அடியில் மெத்தென்ற ஒன்றை வைக்க வேண்டும். எதை வைப்பது என்பதில்தான் உட்பிரிவுகள். தெர்மோகோல் கட்சி, மடித்த செய்தித்தாள் கட்சி, பழைய ஹவாய் செருப்புக் கட்சி. செருப்பே சிறந்தது: ரப்பர் காலை நேராக இறங்கவிடும், தூக்கும்போது முரண்டு பிடிக்காமல் விட்டுவிடும். சரஸ்வதியின் பொருளைச் செருப்பின் மேல் வைக்கலாமா என்று வீட்டில் கேள்வி எழும். புதுச் செருப்பு என்று சமாதானம் சொல்லலாம். கட்டில் மெத்தையின் மேல் வைத்து அடிப்பவர்களும் உண்டு. அங்கே படுக்கை விரிப்பும் நூலின் பகுதியாகிவிடும் அபாயம் இருப்பதால் அது பரிந்துரைக்கத் தக்கதன்று.

அடித்தபின் மெதுவாகத் தூக்கினால், நடுப்பக்கத்தில் இரண்டு கால்கள் நேராக எழுந்து நிற்கும். அவற்றை ஒன்றையொன்று நோக்கி மடிக்க வேண்டும். விரலால் மடிப்பவர் ஒரு முறைதான் விரலால் மடிப்பார். கரண்டிக் காம்பின் முதுகு, ஸ்கேலின் தட்டைப் பக்கம், கத்தரிக்கோலின் கைப்பிடி எல்லாம் ஆகும். நேர்த்தியின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது, கால்கள் தாளோடு ஒட்டிப் படியும்வரை தேய்ப்பதுதான்.

நான்காவது நீள்கையார். அரை முழ நீளத்துக்குக் கைநீண்ட ஸ்டேப்ளர் விற்கிறது. தாள் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போகிறவர்கள் விசாரிக்கலாம். வாங்கியவருக்கு மேற்கண்ட எந்தச் சிக்கலும் இல்லை. ஆகவே இலக்கணமும் தேவையில்லை. அவரைப் பற்றி மேற்கொண்டு பேசுவது இந்த நூலின் இருப்புக்கே கேடு.

மடிப்புக்கும் சில விதிகள் உண்டு. தாளுக்கு நார் ஓட்டம் இருக்கிறது. நாரோடு மடித்தால் படியும், குறுக்கே மடித்தால் லேசாக முரண்டும், வெடிக்கும். அலுவலக ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். நாம் அதை ஏ5ஆக மடிக்கும்போது குறுக்கேதான் மடிக்கிறோம். அதனால் தாள் தாளாக மடித்து, ஸ்கேலால் ஒரு தேய் தேய்த்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். பத்துத் தாளையும் சேர்த்து மடித்துவிட்டு அதன்மேல் ஏறி உட்காருவது ஒரு முறை அன்று. தடித்த அட்டையானால், மடிக்குமிடத்தில் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டால் சொன்னபடி கேட்கும்.

எல்லாம் சரியாகச் செய்தபின்னும் ஒரு குறை நிற்கும். உள்ளே இருக்கும் தாள் வெளித்தாளைவிடச் சற்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வெளித்தாள் மற்றவற்றைச் சுற்றி வளைந்து வருவதால் அதன் நீளத்தில் கொஞ்சம் முதுகிலேயே செலவாகிவிடுகிறது. நடுத்தாளுக்கு அந்தச் செலவு கிடையாது. பன்னிரண்டு தாள் நூலில் இது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அச்சகத்தில் கட்டிங் மெஷினில் ஒரே வெட்டில் சரியாக்கிவிடுவார்கள். வீட்டில் இரும்பு ஸ்கேலும் பிளேடும்தான். ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காமல், அழுத்தாமல், அதே கோட்டில் பல தடவை இழுக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் துருத்தலை அப்படியே விட்டுவிடலாம். ‘வெட்டப்படாத ஓரம்’ என்று வெளிநாட்டில் அதற்குத் தனி விலை வைக்கிறார்கள்.

நூற்பா 4

நடுத்தாள் நீங்கின் ஒழிந்தவை நிற்கும்;
எடுத்தார் யாரென ஏடறி யாதே.

இது புறனடை. பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு நடுப்பின் இலக்கணத்தால் ஆனது. அதில் இடையிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணை எங்கோ மறுபாதியில் தொளதொளத்து, சில நாளில் விழுந்து, காட்டிக் கொடுக்கும். பதினாறு பக்க நூலில் 3, 4 பக்கங்களைக் கிழித்தவர் 13, 14க்கும் பொறுப்பாவார். நடுத்தாள் மட்டும் விதிவிலக்கு. பின்னின் கால்களை நகத்தால் நிமிர்த்தி, தாளை எடுத்து, மறுபடி மடித்துவிட்டால் தடயமே இருக்காது. ராக்கெட்டுகளும் காதல் கடிதங்களும் இந்தத் தாளில்தான் பிறந்தன. மாதத்துக்கு மாதம் நோட்டு மெலிவதைக் கண்ட பெற்றோர், பையன் நிறைய எழுதுகிறான் என்று மகிழ்ந்தார்கள்.

பத்திரிகைக்காரர்களும் இந்த நூற்பாவை அறிந்தவர்களே. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளாக அமையும் இடம் ஒரு நடுப்பின் இதழில் நடுப்பக்கம் மட்டுந்தான். கோடு விழாத பெரிய படத்தை அங்கேதான் போட முடியும். சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் வீரரும் அங்கே வந்து குடியேறியது அதனால். சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் எந்த நடுப்பக்கப் படத்தையும் உற்றுப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி ஓட்டை இருக்கும்.

ஓட்டை என்றதும் ரூபாய் நோட்டு நினைவுக்கு வர வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் வங்கியில் புதுக்கட்டு வாங்கியவர்கள் அதிலிருந்து ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கப் பட்ட பாடு மறந்திருக்காது. நோட்டின் நீர்க்குறி இருக்கும் வெள்ளைப் பகுதி சல்லடையாகும்படி, ஒவ்வொரு வங்கியும் தன் பங்குக்குத் துளைத்து அனுப்பும். 2001இல் ரிசர்வ் வங்கி, நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது, தாள் பட்டை சுற்ற வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இருபின்னியத்தின் நோக்கில் இந்த உத்தரவு சரியானதே. மடிப்பு இல்லை, முதுகு இல்லை, ஓரத்தில் பின். முதல் நூற்பாவின்படி நோட்டுக் கட்டு ஏடாகாது. ஆகாத ஒன்றை ஏடுபோல் நடத்தியதே குற்றம்.

ஆவணக் காப்பாளர்களுக்கு மட்டும் நம் கலையின்மேல் தீராப் பகை. பின் துருப்பிடிக்கும், துரு தாளில் இறங்கும், பின் இருந்த இடம் பழுப்பாகிப் பொடிந்து ஓட்டையாகும். ஆகவே கிடைத்த நூலில் முதல் வேலையாகப் பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைக்கிறார்கள். துத்தநாகப் பூச்சு கொஞ்ச காலம் காக்கும். கடற்கரை ஊர்களில் அந்தக் காலமும் குறைவு. துருப்பிடிக்காத எஃகுப் பின்னும் கிடைக்கிறது. ஆனால் பெரியப்பாவின் பதிகத்துக்கு அவ்வளவு ஆயுள் வேண்டுமா என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாகச் சட்ட நிலை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், வெளியிடப்படும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பையிலும் தில்லியிலும் உள்ள இரண்டு நூலகங்களுக்கும் முப்பது நாளுக்குள் வெளியீட்டாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்கிறது. சிறுநூலும் அந்தச் சட்டத்தில் நூல்தான். தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதி நல்ல தாளில், ஒன்றாகக் கட்டியோ தைத்தோ இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இரண்டு பின் தையலாகுமா எனின், ஆகும். அச்சகத்தில் கம்பிச் சுருளிலிருந்து வெட்டி அடிக்கும் யந்திரத்தின் வேலையைத் தையல் என்றுதான் உலகம் முழுதும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே பாராளுமன்றமே முதல் நூற்பாவை வழிமொழிந்திருக்கிறது என்று கொள்க.

இதில் ஒரு தொல்லை உண்டு. அனுப்பத் தவறினால் 1954இல் வகுத்த அபராதம் ஐம்பது ரூபாய் வரை, அதோடு நூலின் விலைக்குச் சமமான தொகை. ஊறுகாய்க் குறிப்பின் பின்னட்டையில் ‘விலை: உங்கள் அன்பு’ என்று அச்சிட்டிருந்தால், ஐம்பது ரூபாயை எண்ணி வைத்தபின் மீதியை எந்தக் கவுன்டரில் செலுத்துவது என்ற கேள்வி எழும். கையெழுத்துப் பத்திரிகையோ மொத்தமே ஒரு பிரதி. அதுவும் இப்போது எவன் வீட்டில் இருக்கிறது என்று தெரியாது. சிற்றிதழ்க்காரர்கள் இதையெல்லாம் வெகுகாலம் முன்பே யோசித்து, அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக்கொண்டார்கள். வீட்டில் செய்யும் நூலுக்கும் அதையே எழுதிவிடலாம். எழுதுமிடம் முதுகிலிருந்து ஒரு விரற்கடையாவது தள்ளி இருக்கட்டும். ‘தனி’யில் பின் விழுந்துவிட்டால் ‘சுற்றுக்கு மட்டும்’ என்று நிற்கும்.